வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஸ்டீல்ஹெட்: பார்ப்பது எப்படி, காப்பது எப்படி

ஃப்ரீமான்ட், சான் ஹோசே, கூப்பர்ட்டினோ, பாலோ ஆல்ட்டோ என்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றிக் குடியிருக்கும் நம் ஆட்களிடம், தினமும் காரில் தாண்டிப் போகும் பாலத்துக்கு அடியில் பசிபிக் கடலிலிருந்து ஒரு மீன் ஏறி வந்து முட்டையிடுகிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. கோடையில் அந்த ஓடையைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராதுதான். சில இடத்தில் கணுக்கால் தண்ணீர், சில இடத்தில் வெறும் கல், நடுவில் ஒரு ஷாப்பிங் வண்டி கவிழ்ந்து கிடக்கும். ஆனாலும் அலமேடா க்ரீக், கயோட்டி க்ரீக், குவாடலூப் ஆறு, ஸ்டீவன்ஸ் க்ரீக், சான் ஃபிரான்சிஸ்கிட்டோ க்ரீக் எல்லாமே ஸ்டீல்ஹெட் என்ற மீனின் ஊர்தான்.

நான் இதைத் தேடித் திரிய ஆரம்பித்து ஆறேழு குளிர்காலம் ஆகிறது. முதலில் பெரிய மீனைப் பார்ப்பதிலேயே குறியாக இருந்தேன். அப்புறம் மெல்லப் புரிந்தது, இந்த மீன் பிழைக்குமா பிழைக்காதா என்பது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், யாரும் திரும்பிப் பார்க்காத சின்னச் சின்ன மடுக்களில் முடிவாகிறது. அதனால் குளிர்காலத்தில் மீனைப் பார்ப்பது எப்படி என்பதோடு, கோடையில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், எந்த மீன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊட்டிப் பக்கம் அவலாஞ்சிக்குப் போனவர்கள் டிரவுட் மீன் பண்ணையைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட் அது. ஸ்டீல்ஹெட்டும் அதே இனம்தான், ஒன்கோரிங்கஸ் மைகிஸ் என்ற ஒரே அறிவியல் பெயர் இரண்டுக்கும். ஓடையில் பிறந்து ஓடையிலேயே வாழ்ந்துவிட்டால் ரெயின்போ டிரவுட், கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பி வந்தால் ஸ்டீல்ஹெட். ஒரே தாயின் முட்டைகளில் சில கடலுக்குக் கிளம்பும், சில அங்கேயே தங்கிவிடும். ரெயின்போ ஜோடிக்குப் பிறந்த குஞ்சு கடலுக்குப் போவதும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அணைகளைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

சால்மனோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். இங்கே வரும் சினூக் சால்மனும் கோஹோ சால்மனும் ஒரே முறை முட்டையிட்டுச் செத்துவிடும். ஸ்டீல்ஹெட் முட்டையிட்ட பிறகு உயிரோடு இருந்தால் கடலுக்கே திரும்பி, இன்னொரு குளிர்காலத்தில் மறுபடி வரலாம். எல்லாமும் வருவதில்லை, ஒரு பங்குதான் வரும், ஆனாலும் இரண்டாம் முறை வரும் தாய்மீன் பெரியது, முட்டையும் அதிகம்.

சான் ஹோசே பக்க ஓடைகளில் நவம்பர், டிசம்பரில் பெரிய மீனைப் பார்த்தால் அது பெரும்பாலும் சினூக்காக இருக்கும். ஜனவரிக்குப் பிறகு என்றால் ஸ்டீல்ஹெட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் இரண்டு மீன்கள் ஏமாற்றும். ஒன்று கார்ப்: பழுப்பு மஞ்சள் உடம்பு, பெரிய பெரிய செதில், வாயோரம் மீசை, மெதுவாகச் சேற்றைக் கிளறிக்கொண்டு திரியும். இன்னொன்று சாக்ரமெண்டோ சக்கர், வசந்த காலத்தில் கூட்டமாகத் தண்ணீர் சலசலத்து ஓடும் ஆழமில்லாத இடத்தில் ஏறி முட்டையிடும், வாய் கீழ்ப்பக்கம் இருக்கும். ஸ்டீல்ஹெட்டுக்கு முதுகு சாம்பல் கலந்த பச்சை, முதுகிலும் வால் முழுக்கவும் மிளகைத் தூவியது போலச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், நன்னீரில் சில வாரம் இருந்துவிட்டால் பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை.

ஒரு மீனின் முழு ஆயுள்

புதுவெள்ளம் வரும்போது கண்மாய் மடையில் கெண்டையும் கெளுத்தியும் எதிர்த்து ஏறுவதைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது, மீனும் அப்போதுதான் ஏறுகிறது. கடலோரச் சிற்றாறுகளில் கோடை முழுக்க முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக் கிடக்கும். முதல் பெருமழை வந்து அந்த மணல் உடையும் வரை ஸ்டீல்ஹெட் கடலில் காத்திருக்கும். பிறந்த ஓடையின் தண்ணீர் வாசனையை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது.

பெண்மீன் சரளைக்கல் உள்ள இடமாகப் பார்த்து, பக்கவாட்டில் படுத்து வாலால் அடித்து அடித்துக் குழி தோண்டும். அதில் முட்டையிட, ஆண்மீன் விந்து பாய்ச்ச, உடனே கொஞ்சம் மேலே போய் மறுபடி கல்லைக் கிளறி முட்டைகளை மூடிவிடும். ஒரு தாய்மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் ஒரு மாதத்தில் பொரிக்கும், கூடக் குறைய இருந்தால் முன்னே பின்னே ஆகும். பொரித்த குஞ்சு உடனே வெளியே வராது. வயிற்றில் தொங்கும் மஞ்சள்கரு தீரும் வரை இன்னும் சில வாரம் கல்லுக்குள்ளேயே கிடக்கும். அதாவது பிப்ரவரியில் இட்ட முட்டை ஏப்ரல் கடைசி வரை உங்கள் காலடிக் கல்லுக்கு அடியில் இருக்கலாம். அந்தக் கல்லிடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே சேறு படிந்தால் முட்டை மூச்சு முட்டிச் சாகும்.

வெளியே வந்த குஞ்சு விரல் நீளம் ஆனதும் அதற்கு 'பார்' என்று பெயர். பக்கவாட்டில் முட்டை வடிவத்தில் கருநீலத் தழும்புகள் வரிசையாக இருக்கும், யாரோ விரலில் மை தொட்டு ஒற்றி ஒற்றி வைத்தது போல. இந்த ஓடை வாழ்க்கை சாதாரணமாக 1 முதல் 3 வருடம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சினூக் குஞ்சுகளில் பெரும்பாலானவை பிறந்த சில மாதத்திலேயே கடலுக்குக் கிளம்பிவிடும், அதனால் கலிஃபோர்னியாவின் வறண்ட கோடையிலிருந்து தப்பிவிடும். ஸ்டீல்ஹெட் குஞ்சு குறைந்தது ஒரு கோடையையாவது, பெரும்பாலும் இரண்டு கோடையை, வற்றிக்கொண்டிருக்கும் ஓடையிலேயே தாக்குப்பிடிக்க வேண்டும்.

அதைத் தாண்டியதும் ஒரு வசந்த காலத்தில் தழும்புகள் மறைந்து உடம்பு வெள்ளியாகும், உப்புத் தண்ணீரைத் தாங்கும்படி செவுளும் சிறுநீரகமும் மாறும். இந்த நிலைக்கு 'ஸ்மோல்ட்' என்று பெயர். கடலுக்குப் போய் 1 முதல் 3 வருடம் தின்று கொழுத்து, ஒரு கையளவுச் சின்ன மீனாகப் போனது முழங்கைக்கு மேல் நீளமுள்ள மீனாகத் திரும்பும்.

குளிர்காலத்தில் பார்க்கப் போவது

மழை பெய்யும்போது போகாதீர்கள். தண்ணீர் சாயா நிறத்தில் இருக்கும், ஒன்றும் தெரியாது, கரையும் வழுக்கும். பெருமழை விட்டு மூன்று நான்கு நாள் கழித்து, தண்ணீர் தெளிய ஆரம்பித்து ஆனால் முழுக்க வடியாமல் இருக்கும் நேரம்தான் நல்லது. காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு வரை வெயில் மேலிருந்து விழும்போது அடி தெரியும். போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி கட்டாயம், சாதாரண கூலிங் கிளாஸில் பளபளப்பு மட்டும்தான் தெரியும். சட்டை மங்கலான நிறத்தில் இருக்கட்டும். நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக நில்லுங்கள்.

எங்கே பார்ப்பது? மடு முடிந்து தண்ணீர் ஆழம் குறைந்து சலசலப்பாக மாறும் அந்த வாய்ப்பகுதியில். அங்கே சரளைக்குள் தண்ணீர் இறங்கி ஓடும், தாய்மீன் அதைத்தான் தேடும். முதலில் மீனைத் தேடாமல் கல்லைத் தேடுங்கள். ஓடையின் அடியெல்லாம் பாசி படிந்து பழுப்பாக இருக்க, ஒரு இடம் மட்டும் கழுவி விட்டது போல வெளுத்து இருக்கும். மேல்பக்கம் ஒரு பள்ளம், அதையொட்டிக் கீழ்ப்பக்கம் ஒரு மேடு, ஒரு பாய் விரித்த அளவு. அதுதான் முட்டைக்குழி. நான் முதலில் பார்த்தது மரின் கவுன்ட்டியில் லகுனிட்டாஸ் க்ரீக்கில். அரை மணி நேரம் அந்த வெள்ளைத் திட்டையே பார்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் அதற்கு மேலே நிழல் போல ஒரு மீன் அசையாமல் நிற்பது தெரிந்தது. திடீரென்று அது ஒருக்களித்துப் படுத்தது, வெள்ளி வயிறு ஒரு கணம் மின்னியது, வால் நாலைந்து முறை அடித்தது, சின்னக் கற்கள் உருண்டு கீழே ஓடின, மறுபடி பழைய இடத்தில் வந்து நின்றது. வால் ஓரமெல்லாம் கல்லில் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. கூட வந்த என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ப்பா, அதுக்கு வலிக்காதா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

லகுனிட்டாஸில் பீட்டர்ஸ் அணைக்குக் கீழே லியோ க்ரோனின் மீன் பார்க்கும் இடம் என்று தனியாகவே ஒரு நடைபாதை இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் கோஹோ, பிப்ரவரி, மார்ச்சில் ஸ்டீல்ஹெட். குழந்தைகளோடு போய் ஏமாறாமல் திரும்ப வேண்டுமென்றால் சொனோமா ஏரி அணைக்குக் கீழே உள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ் மீன் பண்ணைக்கோ, சாக்ரமெண்டோ பக்கம் அமெரிக்கன் ஆற்றில் உள்ள நிம்பஸ் பண்ணைக்கோ ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். தடுப்பைத் தாண்டப் படிப்படியாகக் கட்டிய மீன் ஏணியில் துள்ளி ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அவை பண்ணையில் வளர்ந்த மீன்கள், காட்டு மீனைப் பார்த்த நிறைவு வராது, ஆனால் உருவம் மனதில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு ஓடையில் அடையாளம் காண்பது சுலபம்.

முட்டைக்குழியைப் பார்த்துவிட்டால் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். ஜனவரி முதல் மே வரை சரளை உள்ள ஆழமில்லாத இடத்தில் நடப்பதே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில வாரத்தில் பாசி படிந்து குழி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், முட்டை மட்டும் உள்ளே இருக்கும். நாயை அவிழ்த்து விடாதீர்கள். படம் எடுத்தால் இடத்தின் துல்லியமான குறியோடு பொதுவில் போடாதீர்கள், ஓடையின் பெயர் போதும். இந்த மீனைத் திருட்டுத்தனமாகப் பிடிப்பதற்காகவே வருபவர்களும் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள்.

கோடை

ஜூன் மாதம் அந்த ஓடைக்கே திரும்பப் போங்கள். மழைக்காலத்தில் ஆர்ப்பரித்த இடம் இப்போது மடு, காய்ந்த கல், மறுபடி மடு என்று துண்டு துண்டாக இருக்கும். ஆல்டர் மர வேர் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் அசையாமல் இருந்தால், வேர் நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவே விரல் நீள மீன்கள் எதிர்நீரைப் பார்த்து வரிசையாக நிற்பது தெரியும். ஒரு பூச்சி விழுந்தால் ஒன்று மட்டும் பாய்ந்து எடுத்துவிட்டு அதே இடத்துக்கு வந்து நிற்கும். பெரியது முன்னால், சின்னது பின்னால். அந்த மடு ஒரு படுக்கையறை அளவுதான் இருக்கும். அந்த வருடத்து ஸ்டீல்ஹெட் தலைமுறையில் ஒரு பகுதி மொத்தமும் அதற்குள் இருக்கிறது.

இதற்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீர். 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கும், 20-ஐத் தாண்டினால் திணறும், 25 பக்கம் போனால் சாவுதான். மீன்தொட்டிக்கு வாங்கும் தெர்மாமீட்டரை நூலில் கட்டி, மாலை நாலு மணிக்கு நிழலான இடத்தில் இறக்கிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எனக்கு அந்த ஓடையைப் பற்றி எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லித் தந்தது அந்த நோட்டுதான். ஒரே ஓடையில் மரம் வெட்டிய இடத்துக்கும் நிழல் உள்ள இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்கள் கையாலேயே அளந்து பார்த்துவிட்டால், கரையோர வில்லோ, ஆல்டர் மரங்களை வெட்டலாம் என்று யார் சொன்னாலும் எழுந்து பேசுவீர்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது, ஓடையில் கல்லை அடுக்கி அணை கட்டும் விளையாட்டு. நாங்களும் கட்டியிருக்கிறோம். ஒரு ஜூலை மாதம் மகளும் நானும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அழகாக ஒரு கல்லணை கட்டி முடித்தபோது, கையில் குப்பைப் பையோடு வந்த வயதான அம்மா ஒருவர் நின்று பார்த்து, கோபப்படாமல், கீழே பத்தடி தள்ளி இருந்த சின்ன மடுவைக் காட்டினார். எங்கள் அணை தண்ணீரைத் தேக்கியதில் அந்த மடுவுக்குப் போகும் ஒழுக்கு நின்று போயிருந்தது. ஓரத்தில் நாலைந்து குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூன்று பேருமாகக் கல்லை எடுத்து விட்டோம். கோடையில் இந்த மீன் சூடான மடுவிலிருந்து குளிர்ந்த மடுவுக்கு மாறித்தான் பிழைக்கிறது. நடுவில் முழங்கால் உயரக் கல் வரிசை இருந்தாலும் அதற்கு அது மதில்சுவர். அதோடு, நாம் புரட்டும் ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் அது தின்னும் பூச்சிகளின் புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகவே, யாரோ கட்டிவிட்டுப் போன அணை கண்ணில் பட்டால், அங்கே தண்ணீரில் இறங்க அனுமதி இருந்தால், நடுவில் ஒரு வழி விடும்படி மேல்கற்களை மெதுவாக எடுத்து வையுங்கள். மொத்தமாகக் கலைத்துச் சேறு கிளப்ப வேண்டாம்.

குஞ்சுகளைக் காகிதக் கோப்பையில், வலையில் பிடிக்க விடாதீர்கள். மத்திய கலிஃபோர்னியக் கடலோர ஸ்டீல்ஹெட் 1997 முதல் அமெரிக்காவின் அழிநிலை உயிரினங்கள் சட்டத்தில் அச்சுறுத்தலுக்கு உள்ளான மீனாகப் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் தொடுவதும் பிடிப்பதும் குற்றம். வற்றும் மடுவில் மீன் தவிப்பதைப் பார்த்து, பக்கெட்டில் அள்ளி வேறு இடத்தில் விடலாம் என்று மனம் துடிக்கும், எனக்கும் துடித்திருக்கிறது, செய்யாதீர்கள். பக்கெட் தண்ணீர் சூடாகி வழியிலேயே செத்துவிடும், அல்லது ஏற்கனவே நெருக்கடியாக இருக்கும் மடுவில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவோம். இடம், நேரம், எத்தனை மீன், தண்ணீர் எவ்வளவு என்று குறித்து மாநில மீன், வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். கார்மெல் ஆற்றில் கார்மெல் ரிவர் ஸ்டீல்ஹெட் அசோசியேஷன் என்ற தன்னார்வ அமைப்பு அனுமதியோடு இந்த வேலையை முறையாகச் செய்கிறது, அதில் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஓடையில் விழுந்து கிடக்கும் மரத்தைக் குப்பை என்று இழுத்துப் போடாதீர்கள். சுத்தம் செய்யும் நாட்களில் ஆர்வக்கோளாறில் பலர் செய்யும் தவறு இது. பிளாஸ்டிக், டயர், வண்டி எல்லாம் போகட்டும். மரம் கிடந்தால்தான் தண்ணீர் அதன் அடியில் அரித்து மடு உண்டாகும், கொக்கிடமிருந்து குஞ்சு ஒளிய இடமும் கிடைக்கும்.

கடலோர ஆறுகளில், பெஸ்கடேரோ, ஸ்காட் க்ரீக் மாதிரி இடங்களில், கோடையில் மணல் அடைத்து உண்டாகும் கழியில் குஞ்சுகள் மேலே ஓடையில் இருப்பதைவிட மிக வேகமாக வளர்கின்றன. ஸ்காட் க்ரீக்கில் ஆய்வு செய்தவர்கள், கடலிலிருந்து திரும்பி வரும் மீன்களில் பெரும்பாலானவை அந்தக் கழியில் வளர்ந்தவை என்று கண்டார்கள். பெரிதாகப் போனால்தான் கடலில் பிழைக்கிறது. பீச்சுக்குப் போகும்போது அந்த மணல்மேட்டில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது சிலருக்கு விளையாட்டு. கழி ஒரே நாளில் வடிந்து, அத்தனை குஞ்சும் தயாராகாத உடம்போடு கடலுக்குள் அடித்துப் போகும். வெட்டுபவரைக் கண்டால் பேசி நிறுத்துங்கள்.

வீட்டிலிருந்து ஓடை வரை

உங்கள் வீட்டு முன்னால் தெருவோரம் உள்ள மழைநீர் வடிகால், பெரும்பாலான ஊர்களில், எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஓடைக்குப் போகிறது. கழிவறைத் தண்ணீர் போகும் குழாய் வேறு, இது வேறு. இது தெரியாமல்தான் டிரைவ்வேயில் காரைக் கழுவுகிறோம், பெயின்ட் பிரஷ்ஷை அலசுகிறோம், குளோரின் போட்ட நீச்சல்குளத் தண்ணீரைத் தெருவில் திறந்து விடுகிறோம். காரைக் கடையில் கழுவுங்கள், அல்லது புல்தரையில் நிறுத்திக் கழுவுங்கள். எறும்புக்கும் கறையானுக்கும் அடிக்கும் மருந்துகளில் பைரெத்ராய்ட் வகை தண்ணீர்ப் பூச்சிகளைக் கொன்றுவிடும், மீனுக்குச் சாப்பாடு இருக்காது. மழைக்கு முந்தின நாள் எதையும் அடிக்காதீர்கள்.

டயர் விஷயம் புதிது. டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி குயினோன் ஆகிறது, முதல் மழையில் சாலையிலிருந்து கழுவிக்கொண்டு ஓடைக்குப் போகிறது. கோஹோ சால்மன் கூட்டமாகச் சாவதற்கு இதுதான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். கோஹோ அளவுக்கு இல்லாவிட்டாலும் ரெயின்போ டிரவுட்டுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் இது விஷம்தான். டயரை நாம் ஒருவராக மாற்ற முடியாது, ஆனால் இந்த நீர் மண்ணில் இறங்கி வடிந்தால் நஞ்சு பெருமளவு குறைகிறது. அதனால் கூரைத் தண்ணீரையும் டிரைவ்வே தண்ணீரையும் செடிகள் நட்ட பள்ளத்துக்குத் திருப்பி விடுங்கள். உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பார்க்கிங்கை மாற்றிப் போடும் பேச்சு வந்தால், ஓரத்தில் மண்பள்ளம் விட்டு அதில் வடிய வைக்கச் சொல்லுங்கள்.

தடுப்புகள்

மேலே சொன்ன எல்லாம் இருந்தும் மீன் ஏற வழி இல்லையென்றால் பயனில்லை. அலமேடா க்ரீக் இதற்கு நல்ல உதாரணம். ஃப்ரீமான்ட்டில் பார்ட் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டிய கான்கிரீட் தடுப்பு அரை நூற்றாண்டு காலம் மீன்களை அடைத்து வைத்திருந்தது. ஸ்டீல்ஹெட் வளைகுடாவிலிருந்து வந்து அதன் அடியில் முட்டி முட்டி நிற்கும், அனுமதி வாங்கிய தன்னார்வலர்கள் வலையில் எடுத்து மேலே கொண்டு போய் விட்டதும் உண்டு. 1997-இல் தொடங்கிய அலமேடா க்ரீக் அலையன்ஸ் என்ற அமைப்பு வழி விடச் சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. 2006-இல் மேலே சுனோல், நைல்ஸ் என்ற இரண்டு பழைய அணைகளை எடுத்தார்கள். 2022-இல் அந்தத் தடுப்பைத் தாண்டும் மீன் ஏணி முடிந்தது. தொடங்கியபோது பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இன்று பெற்றோர் ஆகியிருப்பார்கள், அவ்வளவு காலம்.

இங்கேதான் முன்னால் சொன்னது வருகிறது. அணைக்கு மேலே மாட்டிக்கொண்ட ரெயின்போ டிரவுட்டுகள் கடலோர ஸ்டீல்ஹெட்டின் சொந்தங்கள் என்று அலமேடா க்ரீக்கில் மரபணு ஆய்வு காட்டியது. வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்த பிறகு, கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்த கோடைக்கால ஸ்டீல்ஹெட் திரும்பி வந்தது, அணைக்கு மேலே தலைமுறை தலைமுறையாக அடைபட்டுக் கிடந்த ரெயின்போக்களின் வழியாக. கடலுக்குப் போகும் வழக்கம் அந்த ரத்தத்தில் அப்படியே இருந்திருக்கிறது. அதனால் மேலே மலையோடையில் இருக்கும் சின்ன டிரவுட்டையும் ஸ்டீல்ஹெட்டாகவே நினைத்துக் காப்பாற்றுங்கள். கார்மெல் ஆற்றில் 1921-இல் கட்டிய 106 அடி உயர சான் கிளமெண்டே அணை 2015-இல் போனது, கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் 2024-க்குள் போயின. தெற்கே நிலைமை இன்னும் மோசம், அங்குள்ள ஸ்டீல்ஹெட்டைக் கலிஃபோர்னியா மாநிலமும் 2024-இல் அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலில் சேர்த்தது.

நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் ஊர் தண்ணீர் வாரியமும் வெள்ளக் கட்டுப்பாட்டு வாரியமும் ஓடை சம்பந்தமான திட்டம் போடும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்பார்கள், அதற்கு எழுதுங்கள். யாரோ தயாரித்துக் கொடுத்த கடிதத்தை நகலெடுத்து அனுப்புவதைவிட, எந்தப் பாலத்தின் அடியில் எந்த மாதம் என்ன பார்த்தீர்கள், தண்ணீர் எத்தனை டிகிரி இருந்தது என்று உங்கள் நோட்டிலிருந்து நாலு வரி எழுதினால் அது பதிவில் சேரும். கூட்டத்துக்கு நேரில் போனால் பேச இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். அங்கே பேசுபவர்கள் பட்டியலில் நம் தமிழ்ப் பெயர்கள் மிகக் குறைவு, இத்தனை பேர் இங்கே வீடு வாங்கியிருந்தும்.

தூண்டில் போடுபவர்களுக்கும் கண்ணால் கண்டவர்களுக்கும்

மீன் பிடிக்க ஆசை இருந்தால் உரிமத்தோடு ஸ்டீல்ஹெட் ரிப்போர்ட் கார்டு தனியாக வாங்க வேண்டும். அந்த ஆற்றில் அந்த நாளில் அனுமதி உண்டா என்று கிளம்பும் முன் பாருங்கள், நீர் குறைந்தால் கடலோர ஆறுகளை மூடிவிடுவார்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள் இல்லாமல் சதையாக ஒரு சின்னத் துடுப்பு இருக்கும். பண்ணை மீனுக்கு அதைக் குஞ்சிலேயே வெட்டி விடுவார்கள். துடுப்பு முழுசாக இருந்தால் காட்டு மீன், விட்டே ஆக வேண்டும். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல், எதிர்முள் இல்லாத தூண்டிலைக் கழற்றி, தலையை எதிர்நீருக்குக் காட்டிப் பிடித்து, அதுவாக வாலடித்துக் கிளம்பும் வரை விடாதீர்கள். போட்டோவுக்காகக் கரையில் போட்டால் உடம்பின் வழவழப்புப் போய்ப் புண் பிடித்துவிடும்.

வலை போட்டோ, கொக்கியால் இழுத்தோ யாராவது பிடிப்பதைப் பார்த்தால் அவர்களிடம் போகாதீர்கள். தள்ளி நின்று வண்டி எண், இடம், நேரம் குறித்துக்கொண்டு 888-334-2258 என்ற, கள்ள வேட்டையைப் பற்றித் தகவல் சொல்லும் கால்டிப் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. செத்த மீனைக் கண்டாலும் எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, அந்தச் சின்னத் துடுப்பு தெரியும்படி இன்னொரு படமும் எடுத்து, மாநில மீன், வனவிலங்குத் துறைக்கு அனுப்புங்கள். தாடை ஓரத்தில் உலோகத்துண்டோ, உடம்பில் வண்ண நாடாவோ இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், யாரோ ஒரு ஆய்வாளர் அந்த மீனைத் தேடிக்கொண்டிருப்பார்.